ஒரே பக்கமாக ஓடும் குடும்பத்துக்கு ஒரு படகு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் லிஃப்டில் ஏற மாட்டேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் கல்யாணத்துக்கே காரணம் ஒரு பழுதான லிஃப்ட்தான்.

அப்போது நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேலே போகும்போது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. உள்ளே நான் ஒருத்திதான். வெளியே கூடிய கூட்டம் ஆளாளுக்கு "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று கத்தியதில் எனக்குப் பயம் இரட்டிப்பானது. பிறகு ஒரு புதுக் குரல் வந்தது. அது அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"மேடம், இப்ப டக்குன்னு ஒரு சத்தம் வரும். அது நான்தான். அப்புறம் பெட்டி லேசா ஆடும். அதுவும் நான்தான். அதுக்கப்புறம் மெதுவா கீழே இறங்கும்."

சொன்னபடியே டக்கென்றது, ஆடியது, இறங்கியது. கதவு திறந்தால் கிரீஸ் படிந்த சட்டையோடு ஒல்லியாக ஒருவர் நின்றார். நன்றிகூடச் சொல்லாமல் படிக்கட்டைப் பார்த்து ஓடினேன். அன்றோடு லிஃப்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த மனிதரை மட்டும் விட மனசு வரவில்லை.

என் தம்பி ஏழாவது மாடியில் குடியிருக்கிறான். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பதே இவர்தான். ஆனாலும் நாங்கள் போகும்போதெல்லாம் என்னோடு படியேறித்தான் வருவார். ஊரையெல்லாம் அலுங்காமல் மேலே அனுப்புகிற மனுஷன், எனக்காக மூச்சு வாங்குவார். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவரோடு வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'தாங்குமா'. எதைப் பார்த்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தக் கேள்விதான். புது லிஃப்ட் மாட்டினால், அதில் எழுதியிருக்கும் எடையைவிடக் கால் பங்கு கூடுதலாக இரும்பு எடைக்கற்களை அடுக்கி, மேலும் கீழும் ஓட்டி, நடுவில் சட்டென்று நிறுத்திப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை ஒரு கட்டட முதலாளி, விருந்தினர்களெல்லாம் வந்துவிட்டார்கள், சோதனையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சியிருக்கிறார். இவர் அசையவில்லை. கோட்டும் சூட்டுமாக வந்தவர்கள் அத்தனை பேரும் வியர்த்து விறுவிறுத்துப் படியேறினார்களாம். அந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு மட்டும்தான் அந்த விருந்தினர்கள்மீது பரிதாபம் வரவில்லை. நான் தினமும் ஏறுகிறேனே.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. மீன் பிடிப்பது. நகரத்தின் ஓரத்தில் ஆறு கடலோடு கலக்கிற கழிமுகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலோடு அங்கே போய்க் கரைப் பாறையில் நிற்பார். நல்ல மீனெல்லாம் நடு வாய்க்காலில் இருக்கும், இவர் தூண்டிலோ பாதி தூரம்கூடப் போகாது. மாலையில் விரல் நீளத்துக்கு இரண்டு மீனைப் பிடித்துக்கொண்டு போருக்குப் போய் வந்தவர் மாதிரி வீட்டுக்குள் நுழைவார்.

"இதை வறுக்கறதா, இல்லை தொட்டியில விட்டு வளர்க்கறதா?" என்று கேட்பேன். பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

ஒரு நாள் சிரிக்கவில்லை. பெரியவள் அப்போதுதான் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். சின்னவனுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் மெதுவாகச் சொன்னார்:

"வாரத்துல எனக்குக் கிடைக்கறது ஒரு நாள். அதையும் நான் அங்கே தனியா, நீங்க இங்கே தனியான்னு போக்கிட்டேன். ஒரு சின்ன அலுமினியப் படகு பார்க்கலாம்னு இருக்கேன். எல்லாரும் சேர்ந்து போகலாம்."

பிள்ளைகள் குதித்தார்கள். எனக்கோ நீச்சல் தெரியாது. ஆடுகிற எதிலும் கால் வைக்க மாட்டேன், ஊஞ்சல் உட்பட.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் கரையில உக்காந்து வேடிக்கை பார்க்கறேன்."

"நீ ஏறலைன்னா எனக்குப் படகே வேண்டாம்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் என்னை மாட்டிவிட்டது.

யோசித்து ஒரு நிபந்தனை போட்டேன். "ஒரே ஒரு தடவை ஏறுவேன். அதுல எனக்குப் பயம் வந்துச்சுன்னா, அப்புறம் படகுப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். அது தெரிந்துதான் கேட்டேன்.

படகுக் கடை ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே வெள்ளி நிறத்தில் படகுகள் இழுவண்டிகளின் மேல் வரிசையாக நின்றன. கடைக்காரர் வாயைத் திறந்தால் மோட்டாரைப் பற்றித்தான் பேசினார். கூர்மையான அடிப்பாகத்தோடு ஒரு ஒல்லிப் படகைக் காட்டி, "இது தண்ணியைக் கத்தி மாதிரி கிழிச்சுட்டுப் போகும் சார்" என்றார். இவர் குனிந்து அடியில் கையை விட்டு ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார், பக்கச் சுவரை விரலால் சுண்டிப் பார்த்தார், கடைசியில் பின்பக்கம் பதித்திருந்த தகட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஐந்து பேர் என்று போட்டிருந்தது.

"தாங்குமா?"

"சார், கம்பெனியே போட்டிருக்கான்."

"அவன் போட்டிருக்கான். என் குடும்பத்தை அவன் பார்த்ததில்லையே" என்றார். அவர் பார்வை எங்களோடு வந்திருந்த என் தம்பிமேல் போனது. என் தம்பி இரண்டு ஆள் எடை. அவனையும் சேர்த்துத்தான் ஐந்து பேர்.

மறுநாள் இவருடைய லிஃப்ட் கம்பெனி வண்டியில் எடைக்கற்கள் வந்து இறங்கின. கடைக்குப் பின்னாலிருந்த குளம் போன்ற துறையில் படகை மிதக்கவிட்டு, லிஃப்டுக்கு அடுக்குவது போலவே வரிசை பிசகாமல் அடுக்கினார். எழுதியதைவிடக் கால் பங்கு கூட. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், நீங்க படகு வாங்க வந்தீங்களா, இருக்கற படகை முழுகடிக்க வந்தீங்களா?" படகு அசையாமல் நின்றது. இவர் முகம் மலர்ந்தது.

அடுத்த ஞாயிறு ஒத்திகைக்குக் கழிமுகம் போனோம். கடைக்காரரே எங்களை அந்த ஒல்லிப் படகில் ஏற்றி, வாய்க்கால் நடுவில் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு படகில் காத்திருந்தார். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். என்னை நட்ட நடுவில் உட்காரவைத்தார்கள். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் அமைதியாக இருந்தது. கரையோரம் கொக்குகள் நின்றன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை எடுத்துச் சாப்பாட்டுக் கூடையைத் திறக்கக்கூடச் செய்தேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

அப்போதுதான் பெரியவளின் தூண்டில் வளைந்தது.

"அப்பா, பெருசு! பெருசு!" என்று அவள் எழுந்தாள். சின்னவன் பாய்ந்தான். "விடாத, பிடி, பிடி!" என்று என் தம்பி உருண்டான். வலையை எடுத்துக்கொண்டு இவரும், ஆமாம், சாட்சாத் இவரும், அதே பக்கம் தாவினார். படகு சரிந்தது. விளிம்பு தண்ணீருக்குள் இறங்க, ஆறு உள்ளே வந்தது. பதறிப்போய் எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓட, படகு அந்தப் பக்கம் சாய்ந்து மிச்சத் தண்ணீரையும் வாரிக்கொண்டது. சாப்பாட்டுக் கூடை என் முழங்காலைச் சுற்றி மிதந்தது. நான் போட்ட கூச்சலில் கொக்குகள் ஒன்றுவிடாமல் பறந்துபோயின. யாரும் விழவில்லை. மீனும் போய்விட்டது.

கரைக்கு வந்து புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னேன்: "எனக்குப் பயம் வந்துடுச்சு."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் படகைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் ஆரம்பித்தால், "அம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன், விடுங்க" என்று முடித்துவிடுவார். தூண்டில் அலமாரிக்கு மேலே போய்விட்டது. கரைக்குக்கூடப் போகவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலாவது நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவரோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுகும் குழாயைச் சரிசெய்தார், எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார், பிள்ளைகளின் சட்டைகளை இஸ்திரி போட்டார். பிள்ளைகள் அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம், ஆளுக்கொரு மூலையில். ஜெயித்தது நான்தான். அந்த ஜெயிப்பு எனக்குத் துளிக்கூட இனிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் துணி துவைக்கிற இடத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், என் பெரிய துவைக்கும் தொட்டி நிறையத் தண்ணீர். அதில் என் குழிக் கிண்ணம் ஒன்று மிதக்கிறது. பக்கத்தில் தரையில் கேக் செய்கிற அகலத் தட்டு. சம்மணம் போட்டு உட்கார்ந்து, மளிகைச் சாமான் நிறுக்கிற சின்ன எடைக்கற்களைக் கிண்ணத்துக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறார் லிஃப்ட் மெக்கானிக்.

"என்ன விளையாட்டு இது?"

திடுக்கிட்டார். "ஒண்ணுமில்லை. வாங்கறதுக்கு இல்லை. தப்பு எங்கேன்னு தெரியாம இருக்க முடியலை. அதான்."

எடைக்கற்களோடு கிண்ணம் ஆடாமல் நின்றது. அவற்றை எடுத்துவிட்டு, அதே எடைக்கு உருளைக்கிழங்குகளைப் போட்டார். ஒரு பூசணித் துண்டையும் வைத்தார்.

"பூசணி யாரு?"

"உன் தம்பி."

கிண்ணத்தை விரலால் லேசாகத் தொட்டார். கிழங்குகள் ஒரு பக்கமாக உருண்டன. பூசணியும் நகர்ந்தது. கிண்ணம் கவிழ்ந்து என் தம்பி தொட்டித் தண்ணீரில் விழுந்தான்.

"பார்த்தியா? லிஃப்ட்ல ஏறறவங்க ஓட மாட்டாங்க. கதவைப் பார்த்துட்டு நிப்பாங்க. எத்தனையோ வருஷமா அதையே பார்த்துப் பார்த்து, நம்மளையும் எடைக்கல்லுன்னு நினைச்சுட்டேன். நாம எடைக்கல் இல்லை. உருளைக்கிழங்கு. ஒரு மீன் கடிச்சா அஞ்சும் ஒரே பக்கம் உருளும். நானே உருண்டேன். உன் பயம் சரியாத்தான் இருந்துச்சு. என் சோதனைதான் தப்பு."

எத்தனை வீட்டுக்காரர்கள் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் அகலத் தட்டைக் காட்டினேன்.

"அதுல போட்டா?"

ஒரு கிழங்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"படகைப் பத்திப் பேச மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"நீங்கதானே பேசக் கூடாது? நான் பேசலாம். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

தட்டை மிதக்கவிட்டார். கிழங்குகளையும் பூசணியையும் போட்டு ஒரு பக்கமாக உருட்டினார். தட்டு சாய்ந்தது. சாய்ந்து, தண்ணீரைத் தொடாமல் நின்றது. நானே இன்னொரு முறை உருட்டினேன். நின்றது. பிறகு இருவரும் சேர்ந்து என் தம்பியைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவி அன்றைக்கே சமைத்துவிட்டோம்.

மறுபடி கடைக்குப் போனபோது கடைக்காரர் எங்களைப் பார்த்துப் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன். "அடி தட்டையா, நல்லா அகலமா, பக்கம் உசரமா இருக்கற படகு எது?"

கொட்டகையின் கோடியில் இரண்டு இருந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. கடைக்காரருக்கு அவற்றைக் காட்டவே மனசில்லை. "அலை அடிச்சா இது தட்டித் தட்டிப் போகும் மேடம், முதுகு வலிக்கும். வேகமும் வராது. பார்க்கவும் சரக்குப் படகு மாதிரி இருக்கும்."

"நாங்க கடலுக்குப் போகலை" என்றார் இவர். "காத்து எழும்பினா கரைக்கு வந்துடுவோம்."

பெரியது இவருக்குப் பிடித்திருந்தது. நான் ஒரு கேள்வி கேட்டேன்: "தண்ணி வத்தி மணல்ல உக்காந்துட்டா இதை யாரு தள்றது?" கடைக்காரர் மோட்டாரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். துறைக்கரை மணலில் இரண்டையும் இறக்கி இவரும் என் தம்பியும் தள்ளிப் பார்த்தார்கள். பெரியது இருந்த இடத்திலேயே இருந்தது. குட்டை முக்கி முனகி நகர்ந்தது. ஆகவே குட்டை.

சோதனைக்கு இந்த முறை எடைக்கற்கள் வரவில்லை. அவரோடு வேலை செய்கிற மெக்கானிக்குகள் வந்தார்கள், அதிலும் நன்றாகச் சாப்பிடுகிறவர்களாகப் பொறுக்கி எடுத்த ஐந்து பேர். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு துறையில் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். கரையில் நின்று கட்டளை போடும் வேலை எனக்கு.

"மீன்!" என்று கத்தினேன்.

ஐந்து தடியர்களும் வலது பக்கம் பாய்ந்தார்கள். படகு சாய்ந்தது. விளிம்பு இறங்கியது, இறங்கியது, நாலு விரல் மிச்சம் வைத்து நின்றது. "இந்தப் பக்கம் மீன்!" இடது பக்கம் ஓடினார்கள். அங்கேயும் நாலு விரல். எனக்கு நம்பிக்கை போதவில்லை. அவர்கள் அசந்து உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து மறுபடி கத்தினேன். ஒருவருடைய செருப்பு மட்டும் தண்ணீரில் விழுந்தது.

"அண்ணி, எங்களுக்குத் தலை சுத்துது. போதும்!" என்று கெஞ்சினார்கள்.

இவர் கரையில் என் பக்கத்தில்தான் நின்றார். ஏறு என்று சொல்லவில்லை. ஏறுகிறாயா என்றும் கேட்கவில்லை. நான் கொடுத்த ஒரு தடவையை அவர் செலவழித்தாகிவிட்டது, இனிக் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று அப்படியே நம்பிக்கொண்டு நின்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

செருப்பைக் கழற்றினேன். "ஒரு ஆள் இறங்குங்க. எனக்கு இடம் வேணும்."

ஏறினேன். நடுவில் போய் உட்காரவில்லை. விளிம்போரமே நின்றுகொண்டு, "மீன்!" என்று நானே கத்தி, அவர்களோடு சேர்ந்து நானும் ஓடினேன். பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படகு நாலு விரலில் நின்றது. தண்ணீரை அத்தனை பக்கத்தில் பார்த்தேன். உள்ளே வரவில்லை.

"பில் போடட்டுமா சார்?" என்றார் கடைக்காரர். இவர் என்னைப் பார்த்தார். நான்தான் தலையாட்டினேன்.

பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்தில் ஐந்து பேரும் இருந்தோம். அலுமினியத் தரையில் எது விழுந்தாலும் பாத்திரக்கடைச் சத்தம் வருகிறது, மீன் ஓடிவிடும் என்று பழைய கம்பளத்தை வெட்டி விரித்திருந்தார். வெயில் ஏறியதும் பக்கச் சுவர் சுட்டது. வேகமான படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. எங்களுடையது தன் பாட்டுக்கு ஊர்ந்தது. பெரியவள் கல்லூரி விடுதியைப் பற்றிப் பேசினாள். கதவைச் சாத்திக்கொள்கிற சின்னவன் தன் நண்பனோடு போட்ட சண்டையைக் கேட்காமலே சொன்னான். இவர் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் சின்னவனின் தூண்டில் விருட்டென்று இழுத்தது.

பிறகென்ன, அதே கூத்துதான். பெரியவள் பாய்ந்தாள். "விடாதடா!" என்று என் தம்பி உருண்டான். நல்ல கனத்த கெளுத்தி, விளிம்புக்கு வந்து துள்ளியது. "வலை, வலை!" என்று யாரோ அலறினார்கள். அலறியது நான். வலையும் என் கையில்தான் இருந்தது. எப்போது எழுந்தேன், எப்போது அந்தப் பக்கம் போனேன் என்று எனக்கே தெரியாது. நால்வரும் ஒரே விளிம்பில் தொங்கிக்கொண்டு, ஆளையாள் திட்டிக்கொண்டு, மீனை உள்ளே அள்ளிப் போட்டோம். படகு சாய்ந்து நின்றது. யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. இத்தனை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது.

பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த ஒரு படகிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "இத்தனை பேரு ஒரு பக்கமா நின்னீங்க, கவிழலையே! எந்தக் கம்பெனி படகும்மா?"

கம்பெனிப் பெயரைச் சொல்ல இவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை.

"எந்தக் கம்பெனியா இருந்தா என்னங்க? என் வீட்டுக்காரர் பார்த்து எடுத்தது!" என்றேன், கழிமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரி.